லூசிக்குப் பின்னால் நடந்தவர்கள்

போன வாரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். போகவேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. காய்கறியெல்லாம் இப்போது வாசலுக்கே வந்துவிடுகிறது. மகன் போனில் ஏதோ தட்டுகிறான். அரை மணி நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு பிள்ளை கத்திரிக்காயை நீட்டிவிட்டு, நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறது. அடுத்த மாதம் அவருக்கு மாதா கோயிலில் வருஷப் பூசை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பூசைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும், வாழையிலை என்ன விலை என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

மார்க்கெட்டை ஒட்டிய நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேரைத் தண்ணீர் தெளித்துக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். கடந்து போன என்னை அந்த வாசனை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறைதான். திரும்பிப் போய் ஒரு கட்டை எடுத்து மோந்து பார்த்தேன். "பானைத் தண்ணிக்காங்கம்மா?" என்றார் கடைக்காரர். ஆமாங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். லூசியைப் பற்றி அவரிடம் எங்கே ஆரம்பிப்பது, சொல்லுங்கள். உங்களிடம் என்றால் ஆரம்பித்துவிடலாம். நீங்கள் பாதியில் எழுந்து போகிற ஆள் இல்லை.

லூசியின் பெட்டியில் ஒரு புல் இருந்தது. அவள் ஊர்ப் புல். மூன்று புரியாகப் பிரித்துச் சடை மாதிரி பின்னி, நுனியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். வெட்டிவேரும் புது வைக்கோலும் சேர்ந்தால் என்ன மணம் வருமோ அந்த மணம். பெட்டியைத் திறந்தால் எங்கள் அறை முழுவதும் அதுதான். எங்கள் அறை என்றா சொன்னேன்? அதற்கு முன்னால் அது எனக்கு மட்டுமான அறை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பாலக்கரையில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஒரே வாசல், உள்ளே இரண்டு வரிசையாக வீடுகள், நடுவில் பொது முற்றம், கிணறு, ஒரு பூவரச மரம். பெரும்பாலும் மாதா கோயிலைச் சுற்றிக் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நான் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் டைப்பிஸ்ட். என் டைப்பிங்கைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். முதலாளி என் கடிதங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிவப்பு மையோடுதான் உட்காருவார்.

ஒருநாள் பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, அமெரிக்காவிலிருந்து தொண்டு செய்ய ஒரு பெண் வருகிறாள், சமயபுரத்துக்கு அந்தப்பக்கம் கிராமங்களில் கோழி வளர்ப்புச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள், இரண்டு வருஷம் தங்க நல்ல குடும்பமாக ஒரு வீடு வேண்டும் என்றார். நல்ல குடும்பம் என்று சொல்லிவிட்ட பிறகு அப்பாவால் எப்படி மறுக்க முடியும்? என் அறையில் பாதி போயிற்று.

அவள் வந்த அன்று ஸ்டோர் மொத்தமும் வாசலில் நின்றது. வெள்ளைத் தோல், பொன் முடி, தொப்பி, உயரமான செருப்பு என்று ஆளுக்கொன்று எதிர்பார்த்து நின்றோம். குதிரை வண்டியிலிருந்து இறங்கியவள் எங்கள் நிறத்தில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே கறுகறுவென்று ஒற்றைச் சடை. எதிர்வீட்டு அம்மாள் ஏமாற்றத்தை மறைக்கவே இல்லை. "ஏங்க, இது நம்ம லால்குடிப் பொண்ணு மாதிரில்ல இருக்கு!" என்று சத்தமாகவே சொன்னார்கள்.

வந்தவள் கைகூப்பி, "வணக்கம். தங்கள் இல்லத்திற்கு வந்ததில் பெரிதும் மகிழ்கிறேன்" என்றாள். புறப்படுவதற்கு முன் அவர்களுக்குப் புத்தகத் தமிழாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அம்மா அரண்டுபோய் என் காதில், "என்னடி, சாமியார் பிரசங்கம் வைக்கிற மாதிரி பேசுது" என்றாள். ஆறே மாதத்தில் அந்தப் பிரசங்கத் தமிழ் போய், அம்மாவின் தமிழ் வந்து ஒட்டிக்கொண்டது. "அம்மா, போயிட்டு வரேன்" என்று சமயபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். ஆனாலும் ஒரே அறையில் படுத்தவர்களுக்குள் என்ன அவர், இவர். அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் ஜனங்களுக்கு ஓஜிப்வே என்று பெயர். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் ஏரிகளும் காடுமான இடம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவர்கள். செவ்விந்தியர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்த அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்ப, உங்க வீட்டுல குதிரை இருக்குமே?" என்றார். "இல்லை அப்பா. ஒரு படகு இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத ஒரு லாரியும் இருக்கிறது" என்றாள் லூசி. லாரி ஆபீசில் வேலை செய்கிறவள் என்பதால் இரண்டாவது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தப் படகைப் பற்றி அவள் சொன்னதைத்தான் அம்மாவால் கடைசிவரை நம்ப முடியவில்லை. அவர்கள் ஏரியில் நெல் தானாக விளையுமாம். உழவு கிடையாது, நாற்று கிடையாது. தம்பி படகைக் கோல் ஊன்றித் தள்ளுவான், லூசி உட்கார்ந்து இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவாள், நெல் படகுக்குள்ளேயே கொட்டும். லால்குடி வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவள் அம்மா. "நடாம, களை எடுக்காம நெல்லா? பேசாம எங்கண்ணனை அங்க அனுப்பிவைக்கிறேன், அவனுக்கேத்த ஊரு" என்று சிரித்தாள். தம்பியைப் பற்றிப் பேசினால் லூசி நிறுத்தமாட்டாள். அவன் பெயரை என்னைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் கூடி ஆடுகிற பவ்வவ் என்ற திருவிழாவில் அவன்தான் டிரம்மைச் சுற்றி உட்காருகிறவர்களில் ஒருவன். அவன் அடிக்க இவள் ஆடுவாள்.

ஆவணி மாதம் தந்தி வந்தது. நெல் தட்டப் போன இடத்தில் காற்றில் படகு கவிழ்ந்து தம்பி போய்விட்டான். இன்று மாதிரி ராத்திரிக்குக் கிளம்பினால் மறுநாள் அமெரிக்கா என்கிற காலமில்லை. தந்தி எங்கள் கைக்கு வந்தபோதே அடக்கம் முடிந்திருந்தது. லூசி அழவில்லை. பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். என்ன செய்கிறாள் என்று நான் உணர்வதற்குள் அந்த நீளச் சடை தோளோடு அறுந்து அவள் கையில் இருந்தது.

"சேசு மரி சூசையே!" என்று அம்மா ஓடிவந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். எங்கள் ஊரில் முடியை அறுக்கிற துக்கம் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் அம்மா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, வெட்டுப்பட்ட முடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். செல்வம். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் தொண்டை அடைப்பான் வந்து மூன்றாம் நாளே போய்விட்டான். அதுவரை மாதா வணக்க மாதமான மே முழுக்க எங்கள் முற்றத்தில் மாதா பாட்டை எடுத்துக்கொடுக்கிறவள் அம்மாதான். அவன் போனபிறகு கோயிலில்கூட அவள் உதடு மட்டும்தான் அசையும். அத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

லூசி மறுவாரமே கோழிகளிடம் திரும்பினாள். சாதாரணமாகத்தான் இருந்தாள், சிரிக்காததைத் தவிர. மாசி முடிகிற சமயம், சமயபுரத்து மாரியம்மனுக்குப் பூச்சொரியல் வந்தது. தெருத் தெருவாகப் பூக்கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேளத்தோடு போவார்கள். வேறு மதம் என்றாலும் எங்கள் ஸ்டோர் ஒன்று விடாமல் வாசலுக்கு வந்துவிடும். மேளம் யாரைச் சும்மா இருக்கவிட்டது? லூசியும் வந்து நின்றாள். மேளக்காரர்கள் எங்கள் வாசலுக்கு நேரே நின்று அடித்தார்கள். அவள் குதிகால் மெல்ல எழுந்து எழுந்து இறங்கியது. சட்டென்று அவள் வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். மேளம் தெருமுனை தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே வந்து கேட்டேன். அவள் வீட்டு முறையைச் சொன்னாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் ஆடமாட்டார்கள். வருஷம் முடிந்து வருகிற பவ்வவ்வில், டிரம் அடிக்கத் தொடங்கியதும், துக்கம் காத்தவள் மட்டும் முதலில் வட்டத்துக்குள் இறங்கவேண்டும். அவள் கொஞ்ச தூரம் தனியாகப் போவாள். பிறகு சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் ஆடி வருவார்கள். அப்படி ஜனங்கள் பின்னால் வந்தால்தான் அவள் திரும்பி வந்துவிட்டதாகக் கணக்கு.

"யாரும் வரலேன்னா?" என்றேன். என் வாய் அப்படி.

"வராம இருக்கமாட்டாங்க" என்றாள் லூசி. பிறகு தானே திருத்தி, "அங்கன்னா வராம இருக்கமாட்டாங்க" என்றாள். அவள் ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதுவரை துக்கத்தை இழுத்துக்கொண்டே போகக்கூடாதாம். இருப்பவர்கள் பிடித்து வைத்திருந்தால் போனவர்களால் நிம்மதியாகப் போகமுடியாது என்று அவள் தாயார் சொல்வாராம். வருஷம் நிறைகிறபோது அவள் திருச்சியில் இருப்பாள். டிரம் இல்லை, வட்டம் இல்லை, பின்னால் வர ஆள் இல்லை.

நான் ஒன்றும் யோசிக்காமல், "நாங்க இல்லையா?" என்று சொல்லிவிட்டேன். இருபது வயதில் இப்படித்தான் பெரிய பெரிய வாக்குகளெல்லாம் வாயில் வந்துவிடுகின்றன.

மறுநாள் ஆபீசில் வேதவல்லியிடம் சொன்னேன். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட், ஸ்ரீரங்கத்துக்காரி, கோயில் குடும்பம். நானாவது தப்பும் தவறுமாக டைப் அடிப்பேன். அவள் பெருமாள் புறப்பாடு என்றால் லீவே போட்டுவிடுவாள். எந்தப் பக்கமாகச் சுற்றுவார்கள் என்று கேட்டாள். கடிகாரம் சுற்றுகிற பக்கம் என்றேன். "அப்போ பிரதக்ஷிணம்தானேடி! இதுல என்ன கஷ்டம்? எங்க புறப்பாட்டுல பெருமாளுக்குப் பின்னாடி வேதம் சொல்லிண்டு ஒரு கோஷ்டி போகும். அது மாதிரி நாம போவோம்" என்று முடிவே கட்டிவிட்டாள். ஆடவேண்டியிருக்குமே என்றேன். அவள் சட்டென்று டைப்ரைட்டரை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஆடுகிற பெண்கள் குஞ்சம் வைத்த சால்வையைக் கையில் போட்டுக்கொள்வார்களாம். அம்மா உறையூர் தறித் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலங்களில் லூசியும் அம்மாவும் அதன் ஓரத்தில் நூல் முடிந்து முடிந்து குஞ்சம் கட்டினார்கள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. நான் கட்டிய குஞ்சங்களை மட்டும் லூசி பிறகு ரகசியமாக அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

டிரம்முக்குச் சவரிமுத்து அண்ணனைப் பிடித்தோம். எங்கள் கோயில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அவருடையது. வயிற்றில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் வந்தால் ஜன்னல் கதவெல்லாம் அதிரும். அவரிடம் சும்மா கேட்கக்கூடாது, புகையிலை கொடுத்துத்தான் கேட்கவேண்டும், அதுதான் முறை என்றாள் லூசி. திருச்சியில் இதைவிடச் சுலபமான காரியம் உண்டா? உறையூர்ச் சுருட்டு ஒரு கட்டு வாங்கி, சிவப்புத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். மேளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதையே பார்த்துப் பழகியவர் அவர். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவருக்குக் கோபம் வந்தது அடுத்த விஷயத்தில்தான். டிரம்மைப் படுக்கவைத்து, தரையில் படாமல் தொங்கவிட்டு, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே மாதிரி அடிக்கவேண்டும் என்றதும், "படுக்கப்போட்டா அது டிரம்மாம்மா, அண்டாவா?" என்று கிளம்பிவிட்டார். லூசி அவரை மறித்து, தன் ஊர் டிரம்மும் ஒரு பேண்டு செட்டிடம் வாங்கியதுதான், பிறகுதான் அதற்கு மரியாதை செய்து படுக்கவைத்தார்கள் என்று சொன்னாள். அண்ணன் முகம் மாறிவிட்டது. தன் டிரம்முக்கு அமெரிக்காவில் உறவு இருக்கிறதென்றால் சும்மாவா? நாலு முக்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு, கிணற்றுக் கயிற்றால் டிரம்மை நடுவில் தொங்கவிட்டுக் கட்டியது அவரேதான்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு அப்பா தலையிட்டார்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு லூசி மகள் மாதிரி. மகளுக்கு ஒரு விசேஷம் என்றால் குறைவாகச் செய்ய அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் அது கூட்டம். கூட்டம் என்றால் தலைமை, வரவேற்புரை, நன்றியுரை, மாலை எல்லாம் உண்டு. வருஷம் நிறைந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் முற்றத்துக்கு வந்து பார்த்தால், பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. எதிரே நாடக மேடை மாதிரி இடம் விட்டு அங்கே டிரம். அதன் பக்கத்தில் கைவைத்த நாற்காலி, மேஜை, மேஜையில் பூ ஜாடி. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எல்லாரும் அவ பின்னாடி சுத்தி வரணும்ப்பா" என்றேன்.

"தெரியும்டி. நிகழ்ச்சி நிரல்ல போட்டிருக்கேன். நன்றியுரைக்கு அப்புறம் எல்லாரும் ஒரு சுத்து வரலாம்" என்றார் அப்பா.

ஹெட்மாஸ்டர் கொலம்பஸிலிருந்து தொடங்கினார். அமெரிக்கா என்ற ஒரு தேசம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று, லூசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மிக விரிவாகச் சொன்னார். லூசி சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சுகளைத் திருப்பிப் போடத் தானே சொல்லியிருக்கலாம் என்று பிறகு சொன்னாள். விருந்தாளி எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம்.

ஒருவழியாக அவர் உட்கார்ந்தார். லூசி அந்தப் புல்லுச் சடையின் நுனியைக் கொளுத்தினாள். புகையைக் கையால் அள்ளித் தலையில் தடவிக்கொண்டாள். சாம்பிராணி என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு அம்மாள்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுருட்டைக் கிள்ளி அந்தத் தூளை டிரம்மின் மேல் வைத்தாள். சவரிமுத்து அண்ணனும் மூன்று பேரும் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார்கள். ஒரே அடி, ஒரே அடி, ஒரே அடி. பேண்டு செட்டில் நாங்கள் கேட்டறியாத அடி அது. பூவரச மரத்தில் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன.

லூசி இறங்கினாள். ஆட்டம் என்று சொன்னால் நீங்கள் வேறு எதையோ நினைப்பீர்கள். முழங்கால் மெல்ல மடங்கி எழும். பாதம் தரையை விட்டு அதிகம் பிரியாது. கையில் சால்வையின் குஞ்சங்கள் மட்டும் ஒன்றாக அசையும். முதுகு நேராக, மெதுவாக, டிரம்மைச் சுற்றிப் போனாள். நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

கைதட்டல் கேட்டதும் அவள் அடி ஒரு கணம் தடுமாறியது. பாதிச் சுற்று போய், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆடினால் மற்றவர்கள் அடக்கமாக உட்கார்ந்து ரசிப்பது, அதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. "நல்லா ஆடுது, இல்ல?" என்றார் அப்பா. அதிலும் நல்ல குடும்பத்துப் பெண்கள் நாலு பேர் எதிரில் எழுந்து ஆடுவதாவது! வேதவல்லி என்னை முழங்கையால் இடித்து, "எழுந்திருடி" என்றாள். "நீ எழுந்திரு" என்றேன். வெட்கம் என்பது இரண்டு கால்களிலும் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

லூசி ஒரு சுற்று முடித்து எங்களைக் கடந்து போனாள். இந்தமுறை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடி சின்னதாகிக்கொண்டே வந்தது. அங்கன்னா வராம இருக்கமாட்டாங்க என்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன். நின்றால் எல்லாம் முடிந்தது. இன்னொரு வருஷம், அப்புறம் எத்தனை வருஷமோ.

அந்த நேரத்தில்தான் அம்மா சமையலறையிலிருந்து காபிக் கூஜாவோடு வந்தாள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் போண்டா போட்டுக்கொண்டிருந்தவள். ஹெட்மாஸ்டரையும் கொலம்பஸையும் அவள் கேட்கவில்லை. முற்றத்தைப் பார்த்தாள். லூசியைப் பார்த்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தப் புள்ளை பின்னாடி யாரும் போகலையா?" என்று என்னைக் கேட்டாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூஜாவைத் தலைவரின் மேஜையில் பூ ஜாடி பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் இறைக்கப் போகிறவள் மாதிரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நேராகப் போய் லூசியின் பின்னால் சேர்ந்துகொண்டாள். அம்மாவுக்கு ஆட எங்கே தெரியும்? தலையில் குடம் இருப்பதுபோல விறைப்பாக, அடியைத் தப்பித் தப்பி வைத்து நடந்தாள். "ஏய், என்ன இது, உக்காரு" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அம்மாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வேதவல்லி எழுந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். என் பின்னால் எதிர்வீட்டு அம்மாள், ஸ்டோர்ப் பெண்கள், பிள்ளைகள், சாம்பிராணிக்குச் சிலுவை போட்டவர்கள். ஹெட்மாஸ்டர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தேர்பவனியில் வருகிறவர் மாதிரி பவ்வியமாக வந்தார். வட்டம் பெரிதாகி பெஞ்சுகளில் இடித்தது. யாரோ பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினார்கள். கடைசியாக அப்பா, நன்றியுரை எழுதிய காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். லூசியின் முதுகு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் அழுதுகொண்டு போனாள் என்று வேதவல்லி பிறகு சொன்னாள். நான் அழுதுகொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

சவரிமுத்து அண்ணன் எவ்வளவு நேரம்தான் ஒரே அடியை அடிப்பார்? முடிக்கும்போது கை கேட்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை இறங்கும்போது அடிக்கிற முத்தாய்ப்பு ஒன்றை உருட்டிவிட்டார். லூசி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் கேட்ட சிரிப்பு.

வந்தவர்கள் மொய் வைக்கிற ஊர் எங்களுடையது. அவள் ஊரில் தலைகீழ். தன்னோடு நடந்தவர்களுக்கு அவள்தான் கொடுக்கவேண்டுமாம். பாத்திரம், துணி, சீப்பு, சோப்பு என்று என்ன வாங்கி வைத்திருந்தாளோ எல்லாவற்றையும் கொடுத்தாள். அம்மாவுக்குச் சால்வை. எனக்கு அந்தப் புல்லுச் சடை. எல்லாருக்கும் அவள் மொழியில் "மீக்வெச்" என்று நன்றி சொன்னாள். அப்பா நன்றியுரையையும் படித்தார், விடவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் தண்ணீர் இறைத்தபடி அம்மா மாதா பாட்டை முணுமுணுத்தாள். நான் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தவில்லை. அந்த அடி முடிந்த பிறகுதான் சொன்னாள். "அவளாவது ஒரு வருஷம்டி. நான் செல்வம் போனதிலேர்ந்து உக்காந்துதான் கெடந்தேன். எந்திரின்னு யாரும் சொல்லல." சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் விட்டாள்.

லூசி மறுவருஷம் ஊருக்குப் போனாள். பல வருஷங்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி படிந்த ஏரிப் படம் போட்ட வாழ்த்து அட்டை வரும். பிறகு வருவது நின்றது. வேதவல்லி கல்யாணமாகி வடக்கே போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். பேண்டு செட் கலைந்தது; தேர்பவனியில் இப்போது ஸ்பீக்கர் வைத்த வேன் போகிறது. ஸ்டோரை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். கிணறு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. அம்மாவை அந்தச் சால்வையைப் போர்த்தித்தான் அடக்கம் செய்தோம். புல்லுச் சடை வாசனை போனபிறகும் அலமாரியில் ரொம்ப நாள் இருந்தது. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

வருஷப் பூசைக்கு மகன் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். பூசை முடிந்ததும் ஏசி ஹால், சாப்பாடு காண்ட்ராக்ட். ஹாலின் படத்தைப் போனில் காட்டினான். மேடையில் அவர் படம் வைக்க இடம். எதிரே வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. "நல்லா இருக்காம்மா?" என்றான். நல்லா இருக்குடா என்றேன். நல்ல பிள்ளை, அவன் தாத்தா மாதிரி.

வெட்டிவேரைப் பானையில் போடாமல் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஹாலில் நான் எழுந்து ஒரு சுற்று நடந்தால், பின்னால் யார் வருவார்கள் என்று வரப்போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் பிரியமானவர்கள். பாட்டிக்குக் கால் மரத்துப்போயிற்று என்று பதறி என்னைப் பிடித்து உட்காரவைப்பார்கள். கையில் இருக்கிற கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பின்னால் வந்துவிடுகிற ஆள் மட்டும் இப்போது இல்லை.